இரண்டு ஊர்களில் நான்கு பாதங்கள்

1

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "அங்க குளிரு எம்புட்டு?" என்பதுதான். அடுத்து, அரிசி நம்ம ஊர் அரிசிதானா என்று கேட்பார்கள். பிள்ளை தமிழ் பேசுகிறாளா என்பார்கள். என் காலைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதனால் நானாகவே சொல்கிறேன்.

நாங்கள் கனடாவுக்கு வந்து பத்து வருடம் நிறைந்த நாள் அது. என் வீட்டுக்காரர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். முந்தின நாளே வண்டியை எடுத்துக்கொண்டு மேற்கே போயிருந்தார். திரும்பி வந்ததும் மூன்று பேருமாக வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார். காலையில் எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றினேன். ஊன்றிய வேகத்தில் தூக்கிக்கொண்டேன். குதிகாலுக்கு அடியில் யாரோ ஆணியை நட்டுவைத்த மாதிரி இருந்தது. வலி புதிதில்லை, பல மாதங்களாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு இரண்டு காலிலும் ஒன்றாக வந்திருந்தது. சுவரைப் பிடித்தும் எழ முடியவில்லை.

கடைசியில் தவழ்ந்துதான் குளியலறைக்குப் போனேன். நாற்பத்தைந்து வயதில், முழங்கையும் முழங்காலும் ஊன்றி, மகள் அகிலாவின் அறைக் கதவைத் தாண்டி. கதவு சாத்தியிருந்தது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கல்லுப்பு ஒரு கை போட்டு, பாதங்களை உள்ளே வைத்துக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். செத்த நேரத்தில் பாதம் மறுபடியும் பாதமானது. துடைத்துக்கொண்டு, இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்தை மாட்டி, பஸ்ஸைப் பிடிக்கப் போனேன்.

2

டொரண்டோவுக்கு வெளியே ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. பெல்ட்டில் பன்கள் வந்துகொண்டே இருக்கும். எண்ணிப் பையில் போட்டு, பையை மூடி, தட்டில் அடுக்க வேண்டும். கைக்குத்தான் வேலை. காலுக்கு ஒரு வேலையும் இல்லை, நிற்பதைத் தவிர. நடந்தால்கூடத் தேவலை. ஒரே இடத்தில் நிற்பது நடப்பதைவிடப் பொல்லாதது என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

தரை சிமெண்ட். நிற்கிற இடத்தில் கறுப்பு ரப்பர் விரிப்பு போட்டிருப்பார்கள். சில இடங்களில் அது தேய்ந்து காகிதம்போல ஆகிவிட்டது. சில இடங்களில் இன்னும் மெத்தென்று இருக்கும். காலையில் உள்ளே நுழையும்போது எல்லோரும் ஏன் இப்படி வேகமாக நடக்கிறார்கள் என்று முதல் வாரம் எனக்குப் புரியவில்லை. நல்ல விரிப்பைப் பிடிக்கத்தான். அதைச் சொல்லிக்கொடுத்தவள் சிவமலர். யாழ்ப்பாணத்துக்காரி, என் பக்கத்தில் நிற்கிறவள்.

"அக்கா, இஞ்சாலை வாங்கோ. இதிலைதான் மெத்து இருக்குது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் பேச்செல்லாம் காலைப் பற்றித்தான். அவள் இரண்டு காலுறை போடச் சொல்வாள். தண்ணீர் போத்தலை உறையவைத்து, சாயங்காலம் அதன்மேல் பாதத்தை வைத்து உருட்டச் சொல்வாள். உருட்டினால் முதலில் உயிர் போகும், பிறகு மரத்துப்போகும், மரத்துப்போவதே பெரிய சுகம். நான் அவளுக்கு, சுவரோரம் படுத்துக் காலிரண்டையும் சுவரில் ஏற்றிவைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் வந்து, "அக்கா, அப்பிடியே நித்திரையாப் போட்டன்" என்று சிரித்தாள்.

நாங்கள் இருவரும் தொழிற்சாலையின் ஆட்கள் இல்லை. ஏஜென்சி அனுப்புகிற ஆட்கள். ஏஜென்சியிலிருந்து நாளைக்கு வா என்றால்தான் நாளைக்கு வேலை. அதனால் வலியை வெளியே சொல்வதில்லை. ஒருநாள் நான் பெல்ட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டான். ஒன்றுமில்லை, நின்றுகொண்டுதானே இருக்கிறேன் என்று சொல்ல நினைத்து, "ஐ ஆம் ஸ்டாண்டிங் ஒன்லி" என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனான். சிவமலர் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

3

நிற்பது எனக்குக் கனடாவில் தொடங்கவில்லை. செட்டியார்பட்டியில் பிறந்தவர்கள் நாங்கள். நானும் தங்கை ஜோதியும் பத்தாவது முடித்த கையோடு ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனோம். முதலில் நான், இரண்டு வருடம் கழித்து அவள்.

நாங்கள் சேர்ந்தபோது கடையில் மெத்தை விரித்திருப்பார்கள். வாங்க வருகிறவர்களும் உட்காருவார்கள், சேலையை விரித்துக்காட்டுகிறவர்களும் உட்காருவார்கள். அதன்பிறகு கடையை இடித்துக் கட்டினார்கள். ஏசி வந்தது, கண்ணாடி வந்தது, இடுப்புயரத்துக்கு மேசை வந்தது. வாங்குகிறவர்களுக்கு நாற்காலி. எங்களுக்கு மேசைக்குப் பின்னால் பளபளவென்று டைல்ஸ் தரை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சாயக் கூடாது. கேமரா வந்த பிறகு முதலாளி மாடியிலிருந்தே பார்ப்பார்.

நாங்கள் சில வித்தைகள் வைத்திருந்தோம். ஊக்கு விழுந்துவிட்டதென்று குனிந்து, குந்தவைத்துச் செத்த நேரம் தேடுவோம். ஒருத்தி தேடி எழுந்தால் அடுத்தவளுக்கு ஊக்கு விழும். மாதவிலக்கு நாட்களில் எல்லோருமாகச் சேர்ந்து ஒருத்திக்கு மறைவு கொடுத்து, துணிக்கட்டுக்குப் பின்னால் அவளை உட்காரவைப்போம். சாயங்காலம் பஸ்ஸில் இடம் கிடைத்தால் சாமி கும்பிடத் தோன்றும்.

நான் கல்யாணமாகி, அகிலா பிறந்து, பொறவு கனடாவுக்கு வந்துவிட்டேன். ஜோதியை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தது. அவள் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்க்கிறார். ஜோதி தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி ராஜபாளையம் வந்து, அதே கடையில் நின்றுகொண்டிருக்கிறாள். கல்யாணப் பட்டு என்றால் அவள்தான். பெண்ணின் நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்த அடுக்கில் கை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவளிடம் வாங்கிய பெண்கள், பிறகு தங்கள் மகள்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அதில் அவளுக்கு இருக்கிற பெருமையைச் சொல்லி முடியாது.

4

தவழ்ந்து போன நாளுக்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன் என்று நினைக்காதீர்கள். அதற்கு முன்பே போயிருந்தேன். தனியாகப் போனேன். "லெக் பெயின்" என்றேன். நமக்குத் தொடையிலிருந்து விரல் நுனிவரை எல்லாம் கால்தானே. அவர்களுக்கு மேலே இருப்பது லெக், கீழே பாதம் ஃபுட். டாக்டர் முழங்காலை மடக்கிப் பார்த்தார், படம் எடுக்க அனுப்பினார். படத்துக்கு ஒரு தேதி, முடிவு பார்க்க ஒரு தேதி. முழங்கால் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான், வலிக்கிற இடத்தை யாருமே தொட்டுப் பார்க்கவில்லை என்பது உறைத்தது.

தவழ்வது அந்த ஒரு நாளோடு நிற்காமல் போகவே மறுபடியும் டாக்டரிடம் கிளம்பினேன்; இந்தத் தடவை அகிலா கூட வந்தாள். நான் கூப்பிடவில்லை. "நானும் வாறேன்" என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவளுக்குப் பதினாறு வயது. இரண்டு வருடங்களாக நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும்; காதில் எப்போதும் எதையோ மாட்டியிருப்பாள். அவள் தமிழும் எங்கள் தமிழ் இல்லை. பாதி சிவமலர் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டது.

டாக்டர் கேட்டதற்கெல்லாம் நான், "லிட்டில் லிட்டில் பெயின்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அகிலா குறுக்கே புகுந்தாள். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினாள். எனக்கு முழுதும் பிடிபடவில்லை. ஆனால் ஒரு வார்த்தை பிடிபட்டது. அம்மா காலையில் தவழ்ந்து போகிறாள் என்று சொன்னாள். ஒரு நாள் இல்லை, நிறைய நாள் என்று சொன்னாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கதவைத் திறந்தால் எனக்கு வெட்கமாக இருக்கும் என்று தெரிந்துதான் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

பாதத்தின் அடியில் ஓடுகிற நார் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். காலையில் எழுவதற்கு முன் படுக்கையிலேயே விரல்களைத் தன்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, சப்பாத்துக்குள் மெத்தை வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிற்பதைக் குறைக்க வேண்டும். அப்படியே எழுதியும் கொடுத்தார், வேலையிடத்தில் கொடுக்கச் சொல்லி.

பஸ்ஸில் வரும்போது அகிலாவிடம், "ஏன் பாப்பா, அதையெல்லாம் போய்ச் சொல்லணுமா?" என்றேன்.

"நீங்கள் சொல்ல மாட்டீங்க" என்றாள். காதில் மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜோதியோடு வீடியோவில் பேசினேன். எனக்குக் காலை, அவளுக்குச் சாயங்காலம். நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தவள், சும்மாதான் கேட்டேன்: "ஒனக்குக் காலு எப்படிட்டி இருக்கு?"

"அதுக்கென்ன, இருக்கு."

"காட்டு."

"ஏக்கா, காலப் போயி காட்டச் சொல்லுத? சும்மா கெட."

"காட்டுட்டி."

"நீ மொதல்ல ஒன் காலக் காட்டு, பாப்போம்."

போனைக் கீழே இறக்கிக் காட்டினேன். வெடிப்பு விட்ட குதிகால், சப்பாத்து அழுத்தி நகம் கறுத்த பெருவிரல். "அய்ய, என்னக்கா இப்படி ஆகிப்போச்சு" என்றாள். பிறகு அவள் போன் மெதுவாகக் கீழே இறங்கியது. சேலையைக் கொஞ்சம்போல உயர்த்தினாள்.

கெண்டைக்காலில் நரம்புகள் புழுவைப்போல நெளிந்து புடைத்துக்கொண்டிருந்தன. கணுக்காலைச் சுற்றித் தோல் கருகின மாதிரி கறுத்திருந்தது. உள்பக்கம் ஒரு இடத்தில் தோல் மெலிந்து மினுங்கியது.

"எம்புட்டு நாளா இருக்கு இது?"

"கொசு கடிச்சிச்சு. சொறிஞ்சு சொறிஞ்சு..."

"ஜோதி."

"ரெண்டு வருசம் இருக்கும்" என்றாள். "டாக்டர் ஆபரேசன்னாரு. நிக்கக் கூடாதுன்னாரு. நிக்காம நான் என்ன செய்ய?"

நிற்கிற பணியாளர்களுக்குக் கடைகளில் இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. கேட்டேன்.

"ஸ்டூல் வந்துச்சுக்கா. எங்க பிரிவுக்கு ஒண்ணு. அதுல துணிக்கட்டுதான் உக்காந்திருக்கு."

"எடுத்துப் போட்டுட்டு நீ உக்கார வேண்டியதுதான?"

"உக்காந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாக. மறுநா மாடியில பேரு அடிபடும். பொறவு கல்யாணப் பட்டுல நிக்க விடமாட்டாக, துண்டு வேட்டிப் பக்கம் தள்ளிருவாக."

அன்றைக்கு இரண்டு பேரும் ஒரு முடிவு செய்துகொண்டோம். நான் என் வேலையிடத்தில் கேட்பது. அவள் மேனேஜரிடம் கேட்பது. வாய் திறந்து கேட்டுவிடுவது, என்ன நடந்தாலும் சரி.

6

நான் கேட்டேன். டாக்டர் எழுதியதைச் சூப்பர்வைசரிடம் நீட்டினேன். அவன் மரியாதையாகத்தான் வாங்கினான். இது போதாது, தொழிற்சாலையின் படிவம் இருக்கிறது, அதை டாக்டர் நிரப்ப வேண்டும் என்றான். டாக்டர் நிரப்பினார். நிற்பது, நடப்பது, குனிவது, தூக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டம். கொண்டுபோய்க் கொடுத்தால், நீ ஏஜென்சி ஆள், ஏஜென்சியில் கொடு என்றார்கள். ஏஜென்சியில் கொடுத்தால், வேலையிடம் தொழிற்சாலையுடையது, இருக்கை போடுவது அவர்கள் பாடு என்றார்கள். இரண்டு இடத்திலும் எல்லோரும் சிரித்த முகமாகப் பேசினார்கள். முடியாது, இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் இங்கே கஷ்டம். ஊரில் இல்லை என்றால் இல்லைதான்; சண்டையாவது போடலாம்.

பிறகு வாரத்தில் எல்லா நாளும் வந்த அழைப்பு சில நாட்கள் மட்டும் வந்தது. அதன்பிறகு நின்றுபோனது. உன் உடம்புக்கு ஏற்ற வேலை வந்தால் சொல்கிறோம் என்று ஒரு செய்தி வந்தது, இதயப் படத்தோடு.

வீட்டில் உட்கார்ந்தேன். பாதம் தேறிக்கொண்டு வந்தது. மனசுதான் தேறவில்லை. சிவமலர் போன் செய்து, "உங்கடை இடத்திலை இப்ப ஒரு சின்னப் பிள்ளை நிக்குது அக்கா. நல்ல விரிப்பை அவளுக்கு விட்டிட்டன்" என்றாள்.

மேனேஜரிடம் கேட்டாயா என்று ஜோதியை ஒவ்வொரு தடவையும் கேட்டேன். முகூர்த்தம் முடியட்டும் என்றாள். ஆடித் தள்ளுபடி முடியட்டும் என்றாள்.

7

ஒருநாள் போன் வந்தது. எண் ஜோதியுடையது, குரல் வேறு. கற்பகம் என்றாள், ஜோதியோடு அதே பிரிவில் நிற்கிறவள்.

"அக்கா, பயப்படாதிய. ஜோதியக்காவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கோம்."

தேவதானத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் பட்டு எடுக்க வந்திருந்தார்களாம். ஜோதி காலையிலிருந்து அவர்களுக்குச் சேலை காட்டிக்கொண்டிருந்தாளாம். அரக்கு நிறத்தில் ஒன்றைத் தோளில் போட்டுக் காட்டும்போது, மேசையைச் சுற்றி ஓடிவந்த குழந்தை ஒன்று "ரத்தம்" என்று கத்தியிருக்கிறது. குனிந்து பார்த்தால் டைல்ஸ் முழுக்க ரத்தம். கணுக்காலில் மெலிந்திருந்த அந்த இடம் வெடித்துப் பீய்ச்சியிருக்கிறது. ஜோதிக்கு வலியே தெரியவில்லை. கால் ஈரமாக இருக்கிறது, யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தாளாம். தோளில் இருந்த சேலையில் கறை பட்டுவிடக் கூடாதென்று முதலில் அதை எடுத்து மேசைமேல் வைத்தாளாம். பிறகுதான் சரிந்திருக்கிறாள்.

கல்யாண வீட்டாரில் ஒரு அம்மா நர்ஸாக இருந்தவர். "நிக்க வைக்காதிய, படுக்கப் போடுங்க, கால மேல தூக்குங்க" என்று சத்தம் போட்டு, ஒரு துண்டை மடித்து அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாராம். கடைத் தரையில் துணியை விரித்து அவளைப் படுக்கவைத்து, காலை அந்த ஸ்டூலின்மேல் தூக்கிவைத்திருக்கிறார்கள். துணிக்கட்டைக் கீழே தள்ளிவிட்டு.

இருபது வருடத்துக்கு மேல் நின்ற கடையில் ஜோதி முதல்முறையாகப் படுத்தது அன்றைக்குத்தான். கற்பகம் சொல்லி முடித்ததும் நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அகிலா போனை என் கையிலிருந்து வாங்கிப் பேசினாள். மறுநாள், ஆபரேஷனுக்குப் பிறகு போட இறுக்கமான காலுறை வேண்டும் என்று, ஜோதியை மாற்றிக் கொண்டுபோயிருந்த மதுரை ஆஸ்பத்திரியின் டாக்டர் சொன்னதாகத் தெரிந்ததும், தானே தேடிப் பார்த்தாள். அளவு வேண்டுமே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த சித்தியை வீடியோவில் கூப்பிட்டாள். கணுக்கால் என்ற சொல் அவளுக்குத் தெரியவில்லை.

"சித்தி, இஞ்ச் டேப் இருக்கா? உங்க காலோட கழுத்து எவ்வளவு?"

"காலுக்குக் கழுத்தா?" ஜோதி சிரித்தாள். ரத்தம் போய் வெளுத்த முகத்தோடு, தலையணையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஏம்மா, கேட்டியளா, எங்க அக்கா மக என் காலுக்குக் கழுத்து வச்சிருக்கா!" என்று பக்கத்துக் கட்டில்காரிக்கும் சொன்னாள். அகிலா முகம் சிவந்து, அவளும் சிரித்தாள். சித்தியும் அவளும் அப்படி நெடுநேரம் பேசியதை நான் அதுவரை கண்டதில்லை.

8

நான் ஊருக்குப் போனேன். ஆபரேஷன் முடிந்து ஜோதி ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்திருந்தாள். அகிலா வாங்கிக் கொடுத்தனுப்பிய காலுறையைக் காலையில் அவளுக்கு மாட்டிவிடுவது என் வேலை. அது லேசில் ஏறாது. ஒருத்தி இழுக்க, இன்னொருத்தி கட்டிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் ராஜபாளையம் போய் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். மேனேஜரைப் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் போனேன். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நான் ஒரு வாடிக்கையாளர். "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் ஒரு பெண். பஸ்ஸில் நின்று வந்த கால் எனக்கு. வெறுங்காலோடு அந்த டைல்ஸில் நடந்ததிலேயே குதிகால் எரிந்தது. உட்கார்ந்துவிட்டேன். அவள் என் முன்னால் நின்றாள். ஒரு பாதத்தின்மேல் இன்னொரு பாதத்தை வைத்து, மாற்றி மாற்றி.

மேனேஜர் வந்தார். ஜோதியின் அக்கா என்றதும் முகம் மாறியது. கெட்டவர் இல்லை. "நான் என்னம்மா செய்ய, எனக்கும் மேல இருந்து பாக்காக" என்றார். அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார். நாள் முழுக்க நிற்கிற ஆள் என்பது அவர் நிற்கிற தினுசிலேயே தெரிந்தது. ஜோதி திரும்ப வந்தால் அவளுக்குத் தனியாக ஒரு ஸ்டூல் போட்டுவிடுவதாகச் சொன்னார். கடைக்குள் ரத்தத்தைப் பார்த்த கல்யாண வீட்டார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள், முதலாளிக்கே பயம் வந்துவிட்டது என்றும் மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஜோதியிடம் சொன்னேன். "வேண்டாம்ட்டி, அந்தக் கடையே வேண்டாம்" என்று மாப்பிள்ளையும் சொன்னார், நானும் சொன்னேன்.

"வீட்டுல கெடந்து நான் என்ன செய்ய?" என்றாள் ஜோதி. "எனக்குத் தெரிஞ்சது சேல காட்டுறதுதான். அத விட்டுட்டு மூலையில உக்காருன்னா எப்படி?"

9

நான் கனடாவுக்குத் திரும்பிய பிறகு அவள் வேலைக்குப் போனாள். போன அன்றைக்குச் சாயங்காலம் பேசினாள். குரலில் ஒரு பரபரப்பு.

"ஸ்டூல் போட்டிருந்தாகக்கா. புதுசு. மேனேஜர் துடச்சுவிட்டு, 'ஏம்மா ஜோதி, உக்காரும்மா'ன்னாரு. உக்காந்தேன். ஒரு பக்கம் கற்பகம் நிக்கா. இன்னொரு பக்கம், ஒரு சின்னப் பிள்ள நிக்கா, இப்பத்தான் சேந்தவ. அம்புட்டுப் பேரும் நிக்க, நான் மட்டும் ராணி மாதிரி உக்காந்திருக்கேன். என்னால முடியலக்கா. எந்திச்சிட்டேன்."

"ஏட்டி, ஒனக்குப் பைத்தியமா?" என்று கத்திவிட்டேன். அகிலா அறையிலிருந்து ஓடிவந்தாள்.

"கேளு முழுசா. மேனேஜர் ஓடி வந்து உக்காரு உக்காருங்காரு. நான், 'அவளுக நிக்காளுகல்லா சார்'னேன். 'அவங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா'ன்னாரு. 'எனக்கும் ஒண்ணும் இல்லாமதான் இருந்துச்சு சார்'னேன். 'அவளுகளும் மாத்தி மாத்தி உக்காரட்டும், நானும் உக்காருதேன். இல்லன்னா நின்னுக்கிடுதேன். மேல இருந்து பாக்கட்டும்'னேன். அவரு மேல போனாரு."

"வந்தாரா?"

"வந்தாரு. கூட்டம் இல்லாதப்ப ஆளு மாத்தி ஆளு உக்காந்துக்கிடுங்க, கேமராவுக்கு முன்னாடி உக்காராதிய, செத்த தள்ளி உக்காருங்கன்னாரு. கற்பகம்தான் மொதல்ல உக்காந்தா. எந்திக்கும்போது அழுதுட்டா."

அகிலா போனுக்குள் தலையை நீட்டி, "சித்தி, நீங்க எவ்வளவு நேரம் நின்னீங்க?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளைதான் பின்னாலிருந்து, "கால் வீங்கிப் போயி வந்திருக்கா, அந்தக் கூத்தச் சொல்லச் சொல்லு" என்றார். புண் இருந்த இடம் மறுபடியும் திறக்கலாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். இந்த மாற்றி மாற்றி உட்காரும் ஏற்பாடு எத்தனை நாள் நிற்கும் என்பதும் யாருக்கும் தெரியாது. தீபாவளிக் கூட்டம் வந்தால் யாரால் உட்கார முடியும்?

போன வாரம் எனக்கு ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தது. வேறொரு தொழிற்சாலை, பழங்களைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. "நாள் முழுக்க நிற்கும் வேலை, சரிதானே?" என்று போனில் பேசிய பெண் கேட்டாள். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். அவள் கேட்டு முடிப்பதற்கு முன்பே "ஓகே" என்று சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அகிலா அடுப்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசட்டுமா என்பதுபோலக் கையை நீட்டினாள். வேண்டாமென்று தலையை அசைத்தேன்.

எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்றேன், என் ஆங்கிலத்தில். எல்லா நேரமும் இல்லை, இடையிடையே உட்கார வேண்டும் என்றேன். பக்கத்தில் நிற்கிறவர்களும் உட்காரலாம் என்றால் நல்லது என்றும் சொன்னேன்.

கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றாள் அந்தப் பெண்.

இன்றுவரை கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் வேறு ஏஜென்சியில் போய்ப் பார்க்கச் சொல்கிறார். பார்க்கத்தான் வேண்டும். அங்கேயும் முதலில் இதைத்தான் கேட்பேன்.